சும்மா ஒரு கீறல்

சர்ரென்று ஒரு சத்தம். நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடியும் சர்ர். ஈரத்துவாயைக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டு கிடக்கிறேன், வெளிச்சம்கூடத் தெரியவில்லை, ஆனாலும் அது துணி கிழிகிற சத்தம் என்று காது சொல்லிவிடுகிறது, அதிலும் பழைய துணி, கழுவிக் கழுவி நூல் மெலிந்தது, புதுத்துணியென்றால் முரண்டு பிடிக்கும், இது கேட்டவுடன் பிரிந்து கொடுக்கிறது. வாப்பாவின் வெள்ளைச் சாரன். அவர் மௌத்தாகி ஒன்பது வருசம் பெட்டியில் கிடந்ததை எடுத்து, தங்கச்சியின் பிள்ளைக்கு மூத்திரத்துணி தைக்கவென்று நான்தான் அளந்து வைத்தேன். ஆறு துணிக்கு ஓரம் மடித்துத் தைத்தாயிற்று, மீதியை ஊசி குத்தினபடி யன்னலடியில் வைத்துவிட்டு நேற்று நைட் டியூட்டிக்குப் போனேன். இப்போது உம்மா அதை எடுத்துக் கிழிக்கிறா, நாலு விரல் அகலத்துக்கு. எதற்கென்று எனக்குத் தெரியும். இன்றைக்கு நாற்பது. தங்கச்சி சிஹானாவுக்கு இரண்டு பொடியன்களுக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளைக்கு இன்றோடு நாற்பது நாள். பத்து மணிக்கு ஒஸ்தா மாமி வருவா, செய்கிறதைச் செய்வா, அரிசியும் தேங்காயும் சீலையும் வாங்கிக்கொண்டு போவா, பகலைக்கு மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுக்கு வருவார்கள். செய்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை, அப்படித்தான் சொல்வது. செஞ்சாச்சா? செஞ்சாச்சி. தொதல் பலகாரம் செய்கிற மாதிரி. ஆண்பிள்ளைக்கென்றால் சுன்னத்து என்று வாய் நிறையச் சொல்லி, மாலை போட்டு, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள். பெண்பிள்ளைக்கென்றால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பழந்துணி, கொஞ்சம் பஞ்சு, ஒரு பிளேட். பிறகு வெளியே வந்து, என்ன பெரிய விசயம், சும்மா ஒரு கீறல்.

சர்ர். மூன்றாவது கிழிசல். எனக்கு மூத்திரம் முட்டுகிறது. காலை ஆறரைக்கு வார்டிலிருந்து இறங்கும்போதே முட்டியது, எழும்பிப் போகலாம், பத்தே அடி, ஆனால் போனால் எரியும், எரியும் என்று தெரிந்து எழும்புவது ஒரு வேலை, அந்த வேலையைத் தள்ளித் தள்ளிப் போடுகிறேன், நாற்பத்தாறு வருசமாக நான் அதிகம் தள்ளிப்போட்ட வேலை இதுதான். தண்ணீர் குடித்தால் குறையும் என்கிறார்கள், குடித்தால் அடிக்கடி போக வேண்டும், போனால் எரியும், குடிக்காவிட்டால் கூடுதலாக எரியும், இந்தக் கணக்கை யார் போட்டுத் தந்தது. குளிசை எடுத்தால் இரண்டு மாதம் நன்றாயிருக்கும், பிறகு குளிர்காய்ச்சல், பிறகு மறுபடியும் குளிசை. அதோ, குளியலறைக் கதவு. தங்கச்சிதான், செருப்பை இழுத்து இழுத்து நடக்கிறாள். குளியலறைக்கும் என் தலைமாட்டுக்கும் நடுவில் ஒரு கல் சுவர்தான், அதுவும் பூசாத சுவர், எல்லாம் கேட்கும். ஒரே வீச்சில் போகிறாள். ஓட்டில் மழை விழுவது போல, நிற்காமல், தயங்காமல், நடுவில் பல்லைக் கடிக்கிற மௌனம் இல்லாமல், போய்க்கொண்டே ஏதோ ஒரு பைத்துப் பாட்டை முணுமுணுக்கிறாள். பிள்ளை பெற்று நாற்பது நாள்தான் ஆகிறது அவளுக்கு. ஒரு மனுசி இன்னொரு மனுசியின் மூத்திரத்துக்குப் பொறாமைப்படுவாளா. நான் படுகிறேன். அவளுடைய நகை எனக்கு வேண்டாம், இந்த வீட்டின் முன்பக்கத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன், அதுவும் போகட்டும், புருசன் இருக்கிறவளுக்கு முன்பக்கம் வேணும்தானே என்று உம்மா சொன்னபோது ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் இந்தச் சத்தம். பலகைத் தட்டிக்கு அப்பால் அவளும் மச்சான் ரிம்சானும் சிரிக்கிற சத்தம். அவள்தான் முதலில் சிரிப்பாள், எப்போதும், தொண்டைக்குள் வைத்து, பிறகு அவர் “சத்தம் போடாதகா, ராத்தா முழிச்சிரிக்கும்” என்பார், அவள் அதற்கும் சிரிப்பாள். அங்கே சிரிக்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. எனக்கும் கலியாணம் நடந்தது. ஏழு வருசம். முதல் நாள் நான் தலையணையைக் கடித்தேன், எல்லாருக்கும் முதல் நாள் அப்படித்தான் என்று ஒரு மச்சி சொன்னாள், ஏழாவது வருசமும் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கெட்டவரில்லை. ஒருநாள் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார், “ஒனக்கிட்ட வாறதெண்டா ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இரிக்கி, மிஸ்ரியா.” பகிடிக்குச் சொன்னதுதான். நானும் சிரித்தேன். பிறகு பொத்துவில் பக்கம் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார், நான் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பிரசவ வார்டில் சிற்றூழியம். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. நைட்டில் வேலை ஓய்ந்த நேரம் நர்ஸ் மிஸ்மார் தேத்தண்ணி குடித்துக்கொண்டு போனைப் பார்ப்பார்கள், நான் அட்டை கழன்ற தாதியர் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசிப்பேன், விளங்காத சொல்லைக் கொப்பியில் எழுதுவேன், டொக்டர்மாரிடம் ஒரு நாளைக்கு ஒரு சொல்தான் கேட்பது, இரண்டு கேட்டால் எரிச்சல்படுவார்கள். அப்படியே பதினாறு வருசத்தில் மூன்று கொப்பி. அந்தக் கொப்பியில் என்னைப் பற்றிய சொல் ஒன்றும் இல்லையென்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வருசத்துக்கு முன் உட்கார முடியாமல் ஒரு கட்டி வந்தது, கடலை அளவில் தொடங்கி, கொட்டைப்பாக்கு அளவுக்கு. எங்கள் டொக்டர் மிஸ் தெற்கே காலி ஊர்ப் பக்கத்துக்காரி, கொச்சைத் தமிழ். திரைக்கு அப்பால் நான் படுத்திருந்தேன், எத்தனை பேரைப் படுக்க வைத்த கட்டில். அவ குனிந்து விளக்கைக் கிட்டே இழுத்தா. பிறகு, “இங்க யாரு வெட்டினது, அம்மா?” என்று கேட்டா. எங்கே என்றேன். “இங்க. இது பழைய தழும்பு. தழும்புக்குள்ளதான் இந்தக் கட்டி வந்தது.” ஒருத்தரும் வெட்டவில்லை மிஸ் என்று சொன்னேன். சத்தியமாகத்தான் சொன்னேன், எனக்குத் தெரியாது, நாற்பது நாள் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும். என் உடம்பு இப்படித்தான் பிறந்தது, சிலருக்கு மூக்கு வளைந்திருப்பது போல, எனக்கு எரிச்சலும் வலியுமாக அமைந்தது என்று நம்பியிருந்தேன். மூத்திர எரிச்சல், புருசனோடு வலி, எல்லாவற்றையும் அவ ஒவ்வொன்றாகக் கேட்டா, நான் ஓம் ஓம் என்றேன், ஆளைக் காணாமலே என் வாழ்க்கையை வாசிக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து உம்மாவைக் கேட்டேன். உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. “சும்மா ஒரு கீறல், மகள். எல்லாருக்கும் செய்யிறதுதான்.” சும்மா. அந்தச் சொல்லில்தான் எனக்கு இப்பவும் நூல் சிக்குகிறது. சும்மா என்றால் காரணமில்லாமல் என்றும் அர்த்தம். சும்மா என்றால் ஒன்றுமில்லை என்றும் அர்த்தம். சும்மா இரு என்றால் வாயை மூடு. மூன்றும் சரிதான். தங்கச்சிக்கும் செஞ்சதா உம்மா என்று கேட்டேன், ஏன் கேட்டேனோ. கீரைக் கட்டு அப்படியே உம்மாவின் கையில் நின்றுவிட்டது. “ஒனக்கு ரத்தம் நிக்கல்ல,” என்றா. “ரெண்டு நாள். ஒஸ்தா மாமி சாம்பல் வெச்சிப் பார்த்தா, கோப்பித்தூள் வெச்சிப் பார்த்தா. நீ அழுறத்தையும் விட்டுட்டாய். மூணாம் நாள்தான் பால் குடிச்சாய். பன்ரெண்டு வருசத்துக்குப் பொறகு அவள் பொறந்தாள், எனக்கு ஏலாமப் பெய்த்து. ஒஸ்தா மாமிக்கு அரிசியையும் சீலையையும் குடுத்து, கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் சும்மா இரிந்தம். மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சிப் பஞ்சுல தொட்டு ஒங்கட வாப்பும்மாக்குக் காட்டினன். ஒருத்தருக்கும் சொல்லிராத மகள். மாமியும் மௌத்தாப் பெய்த்தா. எனக்கும் ஒனக்கும்தான் தெரியும்.” மஞ்சளும் சுண்ணாம்பும். அவளுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும், எனக்கு ரத்தம். என் இரண்டு நாள் ரத்தத்தில்தான் அவள் தப்பினாள், அவளுடைய ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் நான் வெட்டுப்பட்டுக் கிடக்கிறேன், அது அவளுக்குத் தெரியாது. உம்மா, நீங்கள் என்னிலா படித்துக்கொண்டீர்கள். என்னைப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்ததா.

துணி கிழிகிற சத்தம் நின்றுவிட்டது. இப்போது தட்டம் வைக்கிறா, அதற்குள் பஞ்சு, தேசிக்காய், கிழித்த துணி. இந்த உம்மாவுக்கு என்ன. அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருக்கத் தைரியம் வந்த மனுசி இன்றைக்குத் தட்டம் வைக்கிறாவே. பயம்தான், வேறென்ன. முப்பத்திநாலு வருசத்துப் பொய், அது வெளியே வந்தால் மருமகன் வீட்டில் முகத்தை எங்கே வைக்கிறது. போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆண்கள் போன நேரம், அடுப்படியில் மூன்று பேரும் இருந்தோம். சிஹானாவின் புருசன் வீட்டு மாமி போனில் கேட்டிருக்கிறா, நாப்பதுக்கு ஆள் சொல்லியாச்சா என்று. உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. “இப்ப சில பேர் செய்யிற இல்லயாம்தானே,” என்று சட்டியைப் பார்த்துச் சொன்னா. மார்க்கம் என்கிறவர்கள் இருக்கிறார்கள், வழக்கம் என்கிறவர்கள் இருக்கிறார்கள், மச்சான் ரிம்சான் அது பொம்பளயள்ட விசயம் என்று கையை உதறிவிட்டார். சிஹானா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ரஸ்க்கைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். வாய் நிறைய ரஸ்க்கோடு சொன்னாள், “என்னத்துக்குப் பயப்படுறீங்க உம்மா. எனக்கும் செஞ்சதுதானே. எனக்கு என்ன வந்திச்சி? கல்லுமாதிரி இரிக்கன்.” என்னையும் பார்த்துச் சிரித்தாள். “ராத்தாக்கும் செஞ்சதுதானே. இல்லயா ராத்தா?” உம்மாவின் கரண்டி நின்றது. நானும் உம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம், ஒரு கண்சிமிட்டு நேரம். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். உனக்குச் செய்யவில்லை தங்கச்சி, அதனால்தான் உனக்கு ஒன்றும் வரவில்லை. நான் சொன்னது, “ஓம்.” அவ்வளவுதான். எழும்பிப் போய் வெங்காயம் எடுத்து வந்து உரித்தேன். ஏன் ஓம் என்றேன். உம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று என்னிடமே சொல்லிப் பார்த்தேன், நல்ல காரணம்தான், ஆனால் பொய். நெஞ்சுக்குள் ஒரு மூலையில் ஒருத்தி குந்தியிருந்தாள், அவள் சொன்னாள், நடக்கட்டும். ஒரு தரமாவது நடக்கட்டும். தங்கச்சிக்கு நடக்கவில்லை, அவளுடைய பிள்ளைக்காவது நடக்கட்டும், அப்போதுதான் விளங்கும். யாருக்கு விளங்கும், என்ன விளங்கும், அவள் அதைச் சொல்லவில்லை. நாற்பது நாளாக நான் அந்தப் பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை. தூக்கியிருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன், பார்க்கவில்லை. தங்கச்சி பிள்ளையின் நெற்றியில் பெரிய மைப்பொட்டாக வைப்பாள், கண்ணூறு பட்டுவிடும் என்று. தெருவில் போகிறவர்கள் கண்ணூறுக்குப் பயப்படுகிறாள், பாவம். அந்தக் கண் வீட்டுக்குள், பலகைத் தட்டிக்கு இப்பால், ஈரத்துவாய்க்குக் கீழே கிடக்கிறது.

எனக்குத் தெரியாமல் இருந்தால் பரவாயில்லை. தெரியும். மூன்று கொப்பி நிறையத் தெரியும். வலது பக்கம் திரும்பிப் படுக்கிறேன், அடிவயிறு கனக்கிறது, இடது பக்கம் திரும்புகிறேன், அதே கனம். போன மார்கழியில் கொண்டுவந்த பிள்ளை. எங்கள் வார்டு இல்லை அது, ஆனால் கூப்பிட்டார்கள், துணி மாற்ற ஆள் இல்லையென்று. முப்பத்தொன்பதோ நாற்பதோ நாள், ஒரு துவாய் முழுக்க ரத்தம், முகம் மெழுகு மாதிரி. தாய்க்குப் பத்தொன்பது வயது இருக்கும். என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டதற்கு, விழுந்துட்டு என்றாள். நாற்பது நாள் பிள்ளை எங்கேயிருந்து விழும், தவழவும் தெரியாது. பிறகு என்னுடைய காதுக்குள் வந்து சொன்னாள், என் தலைச்சீலையைப் பார்த்துவிட்டு, “ராத்தா, சும்மா ஒரு கீறல் எண்டுதான் சொன்னாங்க.” அந்த வார்டு டொக்டர் கண்ணாடி வைத்துக்கொண்டு குனிந்து தையல் போட இடம் தேடினா. “கீறலாம் கீறல்,” என்று அவ பல்லுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது, “இந்த வயசில அங்க எல்லாம் கடுகளவுதான் இரிக்கி, எதைக் கீறுறது, எதை விடுறது?” இரத்தம் ஏற்றினார்கள். வீங்கிப்போய் இரண்டு நாள் மூத்திரம் போகவில்லை, நூல் மாதிரி ஒரு குழாய் வைத்தார்கள், மூன்றாம் நாள் காய்ச்சல். உயிர் தப்பிவிட்டது. ஆஸ்பத்திரி டிக்கட் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், அந்தத் தாய் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், அல்லாஹ் காப்பாற்றினான் ராத்தா என்று. காப்பாற்றினான்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தாறு வயதாகும்போது யன்னலடியில் ஒரு கட்டிலில் எழும்பலாமா வேண்டாமா என்று படுத்திருப்பாளே, அதை அன்றைக்கு ஒருத்தரும் டிக்கட்டில் எழுதவில்லை. பிரசவத்தில் தழும்பு விரியாமல் கிழிந்துபோனவர்களை நான் துடைத்திருக்கிறேன். புருசன் பெயரைக் கேட்டாலே காலை ஒடுக்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, அதுதான் இதன் வஞ்சகம். நாலு பேருக்கு ஒன்றும் ஆகாமல் போகும், அந்த நாலு பேரும் எனக்கு என்ன வந்தது என்பார்கள், அஞ்சாவது ஆள் வாயைத் திறக்க மாட்டாள். நான் அஞ்சாவது ஆள். என் தங்கச்சி நாலு பேரிலும் இல்லை, அவள் வெளியே, மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் அந்தப் பக்கம் நின்றுகொண்டு கல்லுமாதிரி இருக்கிறேன் என்கிறாள். இவ்வளவும் தெரிந்தும் நடக்கட்டும் என்று சொன்னவள் யார். நான்தான். அறிவு ஒரு பக்கம் கிடக்கும் போலிருக்கிறது, கொப்பியை மூடிவைத்த மாதிரி, மற்றப் பக்கம் வயிற்றெரிச்சல் தன்பாட்டில் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும். மணி என்ன இருக்கும். மீன்காரனின் ஹோர்ன் போய்விட்டது. ஒன்பதே முக்கால்.

“ராத்தா, முழிச்சா இரிக்கீங்க?” கதவுச் சீலையை விலக்கிக்கொண்டு சிஹானா. துவாயை எடுக்கவில்லை நான். “ஓம்.” “ஒரு சொட்டு இவளப் பார்த்துக்கங்க, நான் குளிச்சிட்டு வாறன். ஒஸ்தா மாமி வந்தா நாறிக்கிட்டு நிக்கேலா. பொடியனுகள் கரண்டுக்காரன்ட வீட்ட பெய்த்தானுகள்.” பதிலுக்கு நிற்கவில்லை, நின்று கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை, கட்டிலில் என் விலாவோடு ஒரு சூட்டை வைத்துவிட்டுப் போனாள். குளியலறைக் கதவு. வாளிக்குள் தண்ணீர். துவாயை எடுத்தேன். வெளிச்சம் குத்தியது. மைப்பொட்டு கன்னத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேலே இரண்டு கண், ஒன்றையும் தேடாமல், யன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு. பார்த்துவிட்டேன், கண்ணூறோ என்னவோ, பார்த்தாயிற்று. சப்பை மூக்கு, எங்கள் வாப்பாவினது. என்ன அதிர்ஷ்டம்டி உனக்கு, இன்னும் கால்மணித்தியாலத்துக்கு. உனக்குப் பொறாமைப்படுகிறேன், கேட்குதா, உன் உம்மாவுக்குப் பட்டது போதாமல் உனக்கும், நாற்பது நாள் பிள்ளைக்கு, மூக்குச்சளி துடைக்கத் தெரியாத உனக்கு. என்னைக் கிடத்தியதும் இதே அறையாக இருக்கும், இதே யன்னல், அப்போது கம்பி இல்லை, மரப்பலகை. அப்போது பக்கத்தில் ஒருத்தி படுத்திருந்தாளா, தெரிந்தும் சும்மா இருந்தாளா. அவளைத்தான் இவ்வளவு காலமும் தேடுகிறேன் போலிருக்கிறது, பிளேட் பிடித்தவளை அல்ல, உம்மாவையும் அல்ல, சும்மா இருந்த ஒருத்தியை. பிள்ளை கையை ஆட்டியது. என் விரலைப் பிடித்துக்கொண்டது, எல்லாப் பிள்ளையும் பிடிக்கும், அது பெரிய விசயமில்லை, நரம்பின் வேலை, கொப்பியில் இருக்கிறது. பிறகு ஒரு சூடு. விலாவில், சட்டையை நனைத்து, கட்டில் விரிப்பு வரைக்கும். மூத்திரம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்று தெரியாது, காத்திருந்தேன், முகம் சுருங்கும், உதடு நடுங்கும், இப்போது எரியும், இதோ இப்போது என்று. பிள்ளையின் முகத்தில் ஒன்றும் வரவில்லை. கம்பியைப் பார்த்தபடி, ஒரு கொட்டாவி. போய்க்கொண்டேயிருந்தது. அது முடியும்வரை என் உடம்பு முழுக்கக் கல்லாய் இறுகிக் கிடந்தது, முடிந்த பிறகும் நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அவளுக்காக, வராத ஒரு எரிச்சலுக்காக. வார்டில் எத்தனையோ பிள்ளைகள் என் மேல் நனைத்திருக்கின்றன, முகத்தை நான் பார்த்ததில்லை, நாற்பத்தாறு வருசத்தில் இன்றைக்குத்தான் அதை அருகே இருந்து காண்கிறேன், ஒரு பெண் உடம்பு வலிக்காமல் தன் வேலையைச் செய்வதை. அப்படித்தான் இருக்குமாம். அப்படித்தான் எனக்கும் இருந்திருக்கும், நாற்பது நாளைக்கு.

சிஹானா தலையில் துவாய் சுற்றிக்கொண்டு வந்தாள். “அல்லாஹ், மூத்திரம் பெய்ஞ்சிட்டாளா, ஒங்கட மேலயுமா? தாங்க ராத்தா, மாத்துவம்.” குனிந்தாள், சவர்க்கார வாசம். வெளியே கடப்புக் கதவு கிறீச்சிட்டது, உம்மா வாங்க மாமி வாங்க என்று எடுத்த குரலில் சொல்வது கேட்டது, இந்த மாமி பழைய ஒஸ்தா மாமியின் மருமகள், அவவுக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். “சிஹானா,” என்றேன். “ஒனக்குச் செய்யல்ல.” “என்னத்த?” “செய்யல்ல. ஒனக்கு. உம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காட்டினது. எனக்கு ரத்தம் நிக்கல்லயாம், அதால ஒனக்குச் செய்யல்ல. எனக்கு என்ன வந்திச்சி, எனக்கு என்ன வந்திச்சி எண்டு கேட்டாயே. ஒனக்கு ஒண்டும் செய்யாததாலதான் ஒனக்கு ஒண்டும் வரல்ல.” சொல்லும்போது என் குரலில் இருந்தது நல்லெண்ணம் இல்லை. நான் அறிவேன் அந்தக் குரலை. உனக்குக் கிடைத்ததைப் பார் என்று முகத்தில் எறிகிற குரல். அவள் துணியைப் பிடித்தபடி நின்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அல்லது உம்மாவைக் கூப்பிடுவாள், அல்லது பொய் என்பாள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன், கொப்பிக் கணக்கில் வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஈரச்சட்டையை, என் கையை, தலைமாட்டில் எப்போதும் இருக்கிற குளிசைப் பெட்டியை. மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். “அப்ப ஒங்களுக்கு?” என்றாள். “ராத்தா, அப்ப இவ்வளவு நாளும் ஒங்களுக்கு?” யாரும் கேட்டதில்லை அதை, டொக்டர் மிஸ் கேட்டது உடம்பை, இவள் கேட்டது என்னை, பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டு நான் அடுக்கி வைத்திருந்த எல்லாம் கால் தட்டி ஒரு பக்கம் சரிந்தது போலிருந்தது. “எரியும்,” என்றேன். “எப்பயும் எரியும்.”

அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். ஈரத்துணியோடுதான். கதவுச் சீலை அவள் தோளில் பட்டு ஆடியது, ஆடுகிற இடைவெளியில் கூடத்தைக் கண்டேன், பாய், தட்டம், பைக்குள் கையை விட்டபடி அந்த மனுசி. “மாமி,” என்றாள் சிஹானா, சாதாரணமாக, சீனி கேட்கிற மாதிரி, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. அரிசியும் சீலையும் ஒங்களுக்குத்தான், கொண்டு போங்க. புள்ளைக்கு ஒண்டும் செய்யிற இல்ல.” மாமி, “மாப்பிள வீட்டாக்கள் கேட்டா என்ன மகள் சொல்றது?” என்றா. “செய்யல்ல எண்டு சொல்லுங்க. நானும் சொல்லுவன்.” உம்மா அடுப்படிக்குள் போகிற காலடி கேட்டது, பிறகு தகரப் பேணி மூடி கழலுகிற சத்தம், எனக்குத் தெரியும் எந்தப் பேணி என்று. தூள் பேணி வரிசையில் மூன்றாவது. சிஹானாவுக்கும் விளங்கிவிட்டது. “உம்மா,” என்றாள், குரலை உயர்த்தாமல், “மஞ்சளும் வேணா.” பிறகு மூடி திரும்பவும் பேணியில் இறுகுகிற சத்தம். பகலைக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது சண்டை வரும். அவளுடைய மாமி வாயைத் திறந்தால் மூட மாட்டா, ரிம்சான் மச்சான் கையை உதறிக்கொண்டு நிற்பார், உம்மா அழுவா. வரட்டும், சோறாவது நேரத்துக்கு ஆக்க வேண்டும்.

எழும்பிக் குளியலறைக்குப் போனேன். எரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன், வழமை போலத்தான், ஒன்றும் மாறவில்லை, சுவருக்கு இப்பாலிருந்து என் கட்டில் தலைமாடு எப்படியிருக்கும் என்று யோசித்தேன், இங்கிருந்து அங்கே எல்லாம் கேட்கிறதென்றால் தட்டிக்கு அப்பால் தங்கச்சிக்கும் கேட்டிருக்குமே, என் மௌனம், என் பல். கேட்டிருந்ததால்தான் அப்படிக் கேட்டாளோ. தெரியாது. பொறாமை போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்தேன், பல்வலியை நாக்கால் தொடுவது போல. இருக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவளாகி இதே குளியலறையில் பைத்து முணுமுணுத்துக்கொண்டு ஒரே வீச்சில் போகிற ஒரு நாள் வரும், அன்றைக்கும் நான் சுவருக்கு அப்பால் படுத்துக்கொண்டு எரிவேன். எரியட்டும். கேட்பதற்கு அந்தச் சத்தமாவது இருக்குமே. அறைக்கு வந்து சட்டையை மாற்றினேன். கூடத்தில் ஆட்கள் போய்விட்டார்கள், தட்டம் மட்டும் பாயில், பஞ்சும் தேசிக்காயும் அப்படியே. தேசிக்காயை அடுப்படிப் பக்கம் உருட்டிவிட்டேன், சம்பலுக்கு ஆகும். கிழித்த துணி மூன்று, நாலு விரல் அகலம், மூத்திரத்துணிக்குப் போதாது. இரண்டை மூட்டினால் ஒன்று வரும், மூன்றாவதைப் பாதியாய் மடித்துக் கொடுத்தால் நடுவில் கனத்துக்கு ஆகும். யன்னலடியில் ஊசி கிடந்தது, நூல் கழன்றிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து, நாக்கால் நனைத்து, இரண்டாம் தரத்தில் கோர்த்தேன். கிழிந்த ஓரத்தை உள்ளே மடித்து, பிள்ளையின் தோலில் தையல் உராயாதபடி வெளிப்பக்கமாக, ஒரு மூலையிலிருந்து தொடங்கினேன்.